இலவசம் என்றால் எழுத்துப்பிழை பரவாயில்லையா?
பொழுதுபோக்காகச் செய்யப்படும் விளையாட்டு மோட்கள் பற்றி ஒரு திறனாய்வு



இந்த முறை திறனாய்வுப் பகுதிக்கு நாவலோ கவிதைத் தொகுப்போ எடுத்துக்கொள்ளவில்லை. கணினி விளையாட்டுகளுக்கு ஆர்வலர்கள் தாங்களாகவே செய்து சேர்க்கும் 'மோட்' என்ற படைப்பை எடுத்துக்கொள்கிறேன். "இதுக்கும் தமிழ்ப் பாடத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஆசிரியர்கள் சிலர் கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள். வேற்றுமை உருபும் சாரியையும் பத்தி அமைப்பும் பின்னால் வருகின்றன.

மோட் என்றால் என்னவென்று மாணவர்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. ஆசிரியர்களுக்காக ஒரு விளக்கம்: ஒரு நிறுவனம் வெளியிட்ட விளையாட்டின் மேல், அதை விளையாடுபவர்களே புதிய ஆயுதம், ஊர், பாத்திரம், கதை, மொழி என்று எதையாவது சேர்த்து, பெரும்பாலும் இலவசமாகவே பிறருக்குக் கொடுப்பார்கள். அப்படிச் சேர்ப்பதுதான் மோட்.

1. ஜெலாப்பாங்கில் ஒரு மாலை

ஜெலாப்பாங்கில் மாலை வகுப்பு முடிந்த ஒரு நாள். படிவம் 4 மாணவன் ஒருவன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "சார், நானே ஒரு மோட் செஞ்சிருக்கேன். கடாரம்னு பேரு. பாக்குறீங்களா?" என்றான். மைன்கிராப்ட் விளையாட்டின் கட்டங்களால் ஆன ஒரு துறைமுகம் திரையில் விரிந்தது. கரையில் யானைகள். ஒரு கோபுரம். கப்பல் ஒன்று பாதி கட்டிய நிலையில் நின்றது. உண்மையிலேயே அழகாக இருந்தது.

அதோடு நிற்கவில்லை. 14 வகை வாள். சந்தை. தங்கம் தரும் மயில். மழையை வரவழைக்கும் சங்கு. வீட்டு வளர்ப்புப் புலி. பட்டாசுக் கடை. ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனான். கடைசியில் ஒரு படைத்தலைவன் வந்து பேசினான். அவனுடைய முதல் வாக்கியம் இப்படி இருந்தது: "வீரனே தாங்கள் கப்பல் செய்ய மரம்ஐ எடு."

கூட நின்ற பையன்கள் கைதட்டினார்கள். "தமிழ்ல வந்ததே பெருசு சார்!" என்றான் ஒருவன். மோட் செய்தவன் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "எழுத்து எப்படி சார் இருக்கு?" என்று கேட்டான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "யானை ரொம்ப நல்லா வந்திருக்குப்பா" என்றேன்.

அவன் கேட்டது எழுத்தைப் பற்றி. நான் பதில் சொன்னது யானையைப் பற்றி. தமிழ் ஆசிரியரிடம் வந்து தமிழைப் பற்றிக் கேட்ட பிள்ளைக்கு நான் பதில் சொல்லாமல் நழுவிவிட்டேன். அவன் "சரி சார்" என்று மடிக்கணினியை மூடிக்கொண்டு போனான். இந்தக் கட்டுரை அவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில். உங்களுக்கும் பயன்படும் என்று நினைத்து இங்கே எழுதுகிறேன்.

2. பொழுதுபோக்கு எங்கே போய் நிற்கிறது?

"சும்மா பொழுதுபோக்குக்குச் செஞ்சது, அதைப் போய் விமர்சிக்கணுமா?" என்ற கேள்வியை முதலில் பார்ப்போம்.

உலகம் முழுவதும் விளையாடப்படும் கவுண்டர் ஸ்டிரைக் 1999-இல் ஹாஃப் லைஃப் என்ற விளையாட்டின் மோட்டாகத்தான் பிறந்தது. டோட்டாவும் அப்படியே, வார்க்ராஃப்ட் 3-இன் மேல் ஆர்வலர்கள் கட்டிய ஒரு மோட் அது. ஆக, மோட் என்பது ஓர் ஓரத்தில் கிடந்து மறைந்துபோகும் பொருள் என்று சொல்ல முடியாது. நேற்று ஒருவர் அறையில் உட்கார்ந்து செய்தது, நாளை எல்லாருக்கும் அளவுகோலாகிவிடுகிறது.

தமிழர்களாகிய நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஏஜ் ஆஃப் எம்பையர்ஸ் 2. சைபர் கடைகள் நிறைந்திருந்த காலத்தில் மாணவர்களாக இருந்த ஆசிரியர்கள் பலருக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கும். 1999-இல் வந்த இந்த விளையாட்டுக்கு 2000-இல் ஒரு கூடுதல் தொகுப்பு வந்தது. அதன் பிறகு பல ஆண்டுகளுக்கு நிறுவனம் புதிதாக எதுவும் சேர்க்கவில்லை. விளையாட்டை உருவாக்கிய என்செம்பிள் ஸ்டுடியோஸ் 2009-இல் மூடப்பட்டது.

அந்த வெற்றிடத்தில் ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து, சம்பளம் இல்லாமல், 'ஃபர்காட்டன் எம்பையர்ஸ்' என்ற மோட்டை உருவாக்கினார்கள். அதில் ஐந்து புதிய நாகரிகங்கள் இருந்தன: இத்தாலியர், மாகியார், ஸ்லாவ், இன்கா, இந்தியர். விளையாடியவர்கள் அதை வரவேற்றார்கள். 2013 நவம்பரில் அதே மோட், 'தி ஃபர்காட்டன்' என்ற பெயரில் அதிகாரபூர்வமான தொகுப்பாகவே வெளிவந்தது. செய்தவர்கள் ஒரு நிறுவனமாக மாறினார்கள். 2019-இல் வெளிவந்த புதுப்பிக்கப்பட்ட பதிப்பிலும் அவர்களுடைய கை இருக்கிறது.

பாராட்ட வேண்டிய கதைதான். ஆனால் திறனாய்வு இங்கேதான் தொடங்க வேண்டும்.

3. ஒட்டகத்தில் ஏறிய சோழன்

அந்த ஐந்தில் ஒன்று 'இந்தியர்' என்று பார்த்தோம். ஒரு துணைக்கண்டம் முழுவதையும் ஒரே பெயருக்குள் கட்டிவிட்டார்கள். அந்த நாகரிகத்தின் பெரிய பலம் ஒட்டகப் படை. வீரர்கள் பேசியது இந்தி. 2013 தொகுப்பில் இந்தியாவைப் பற்றி இருந்த கதைத்தொடரும் வடக்கே ஆண்ட பிருத்விராஜனைப் பற்றியது.

இப்போது தஞ்சாவூர்க் கல்வெட்டை நினைத்துப் பாருங்கள். ராஜேந்திர சோழனின் படை 1025 வாக்கில் கடல் கடந்து வந்து தாக்கிய ஊர்களின் பட்டியல் அதில் இருக்கிறது. கடாரம் அதில் ஒன்று. கடாரம் என்றால் நம் கெடா. நம் பேராவின் புருவாஸ் வட்டாரத்தோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் கங்கா நெகாராவையும் ராஜா சூரான் என்ற மன்னன் தாக்கியதாக செஜாரா மெலாயு கதை சொல்கிறது. இந்த வரலாற்றைக் கேட்டு வளர்ந்த ஒரு மலேசியத் தமிழ் மாணவன் அந்த விளையாட்டைத் திறந்து, சோழனாக விளையாட ஆசைப்பட்டால் என்ன கிடைத்திருக்கும்? இந்தி பேசும் ஒட்டக வீரன் கிடைத்திருப்பான்.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் சொல்லவில்லை. சின்னக் குழு, ஓய்வு நேரத்தில் செய்த வேலை, உலகம் முழுவதையும் தொட வேண்டும் என்ற ஆசை. "எல்லாத்தையும் ஒரு பேருக்குள்ள போட்டுடலாம்" என்ற எண்ணம் எல்லாருக்கும் வருவதுதான். விளைவை மட்டும் கவனியுங்கள். பொழுதுபோக்காகச் செய்தபோது நுழைந்த அந்த மூட்டை, அதிகாரபூர்வத் தொகுப்புக்குள் அப்படியே போய்விட்டது. அவிழ்க்க 2022 ஏப்ரல் வரை ஆனது. 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற தொகுப்பில்தான் அதைப் பிரித்து ஹிந்துஸ்தானியர், வங்காளியர், கூர்ஜரர், திராவிடர் என்று நான்காக்கினார்கள். 2013-இலிருந்து 2022 வரை எண்ணிப் பாருங்கள்: எட்டு ஆண்டுகளுக்கும் மேல். அதனால்தான் "சும்மா செஞ்சதுதானே" என்று விட்டுவிடக்கூடாது என்கிறேன். சும்மா செய்ததுதான் பிறகு நிலைத்துவிடுகிறது.

2022-இல் வந்த திராவிடர் பகுதி எப்படி? முன்னதைவிடப் பல மடங்கு மேல். வீரர்கள் தமிழ் பேசுகிறார்கள். ராஜேந்திரனுக்குத் தனிக் கதைத்தொடர் இருக்கிறது. திரிசடை என்ற போர்க்கப்பல் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: இந்த நாகரிகத்துக்குக் குதிரைப்படை பலவீனம், காலாட்படையும் கடற்படையும் பலம். தென்னாட்டு மன்னர்கள் நல்ல போர்க்குதிரைகளுக்கு அரபு நாட்டு வணிகர்களை நம்பி இருந்தார்கள் என்ற வரலாறு, ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் விளையாடுபவன் கைக்குப் புரிந்துவிடுகிறது. 'அம்சம்' என்று நாம் சொல்வது இப்படித்தான் இருக்க வேண்டும். சேர்த்த அம்சம் ஒரு கருத்தைச் சொல்ல வேண்டும். எண்ணிக்கைக்காக மட்டும் அங்கே நிற்கக்கூடாது.

குறையும் இருக்கிறது. 'திராவிடர்' என்பதும் ஒரு மூட்டைதான். கால்டுவெல் 1856-இல் தம்முடைய ஒப்பிலக்கண நூலில் ஒரு மொழிக்குடும்பத்துக்கு நிலைநிறுத்திய பெயர் அது. ஒரே அரச மரபுக்கு உரிய பெயர் அல்ல அது. சோழர், பாண்டியர், சேரர் என்று ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டவர்களையும், கன்னட, தெலுங்கு நாட்டு அரசுகளையும் ஒரே கொடியின் கீழ் நிறுத்தி, எல்லாரையும் தமிழ் பேச வைத்திருக்கிறார்கள். கேரளக் களரியோடு சேர்த்து அறியப்படும் உருமி வாள் இவர்களுடைய சிறப்புப் படையாகிவிட்டது. முன்பு இந்தி பேச வைத்தது நமக்கு உறுத்தியது என்றால், ஒரு கன்னட மாணவனுக்கு இது உறுத்தும் அல்லவா? நமக்குச் சாதகமான பிழையையும் பிழை என்று சொல்லத் தெரிந்தவன்தான் திறனாய்வாளன். மாணவர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. பாஞ்சிர் தட்டு

பெயரில் மூட்டை கட்டுவதைப் பார்த்தோம். அம்சங்களை மூட்டை கட்டுவது இன்னொரு வகை.

ஈப்போவில் நாசி கண்டார் சாப்பிடப் போகிறோம். எல்லாக் குழம்பையும் சேர்த்து ஊற்றச் சொல்லி, 'பாஞ்சிர்' என்று கேட்டு வாங்குவோம். அந்தத் தட்டில் அது சுவைதான். ஏனென்றால் எந்தக் குழம்போடு எது சேரும் என்று சமைத்தவருக்குத் தெரியும். வீட்டில் இருக்கிற எல்லாப் பாத்திரத்தையும் ஒரே சோற்றில் கவிழ்த்தால் அப்படி வருமா?

மோட் செய்பவர்களிடம் இந்தப் பழக்கம் அதிகம். ஒரு துணைப் பாத்திரத்தை உருவாக்கும் மோட் என்று தொடங்குவார்கள். பிறகு அவளுக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு தோட்டம், பத்து வகைக் கவசம், புதிய மந்திரங்கள், மழையின் நிறம் மாறுவது என்று வளர்ந்துகொண்டே போகும். விளையாடுபவருக்குப் பிடித்தது அந்தப் பாத்திரம் மட்டும்தான் என்றாலும், மழையின் நிறத்தையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதில் தொழில்நுட்பச் சிக்கல் ஒன்று உண்டு. இரண்டு மோட்கள் விளையாட்டின் ஒரே பகுதியைத் தொட்டால் மோதல் வரும். பல விளையாட்டுகளில், வரிசையில் கடைசியாக ஏற்றப்பட்ட மோட் சொல்வதே எடுபடும். முன்னது சொன்னது மறைந்துவிடும். சில சமயம் விளையாட்டே நின்றுபோகும். ஒரு மோட் எத்தனை பகுதிகளைத் தொடுகிறதோ, அத்தனை மோதலுக்கு இடம் கொடுக்கிறது. அதனால் அனுபவமுள்ளவர்கள் தங்கள் வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து வைப்பார்கள்: பாத்திரம் தனி, கவசம் தனி, வீடு தனி. வேண்டியதை வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்.

தொழில்நுட்பத்தைவிடப் பெரிய இழப்பு எழுத்தில் நடக்கிறது. ஒரு மனிதனுக்கு இருக்கும் நேரம் ஒன்றுதான். 14 வாள் செய்தவனுக்குப் படைத்தலைவனின் வாக்கியத்தை இரண்டாவது முறை படித்துப் பார்க்க நேரம் இல்லை. 14-ஆவது வாள் ஒரு 'ஐ'-யைத் தின்றுவிட்டது. நம் மாணவனின் கடாரத்தில் நடந்தது அதுதான்.

5. ஒரு நகரம், ஒரு சட்டம்

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கும் ஒரு மோட்டையும் பார்த்துவிடுவோம். 2011-இல் வந்த ஸ்கைரிம் என்ற விளையாட்டுக்கு ஆயிரக்கணக்கான மோட்கள் உண்டு. அவற்றில் ஒன்று 2015-இல் ஆஸ்திரேலியரான நிக் பியர்ஸ் உருவாக்கிய 'தி ஃபர்காட்டன் சிட்டி'. (மேலே சொன்ன ஃபர்காட்டன் எம்பையர்ஸ் வேறு, இது வேறு, பெயர் ஒத்துப்போவது தற்செயல்.)

அதன் கதைக்கரு இது: பூமிக்கடியில் ஒரு நகரம். அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. யாராவது ஒருவர் குற்றம் செய்தால் எல்லாரும் சாக வேண்டும். அந்த நகரம் எப்படி அழிந்தது என்று காலத்தில் பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிப்பது உங்கள் வேலை. கதையில் வரும் ஒவ்வொரு பாத்திரமும் அந்த ஒரு சட்டத்தின் நிழலில்தான் பேசுகிறது. பயந்தவன், பயத்தை வைத்துப் பிழைப்பவன், நம்பாதவன் என்று ஆளுக்கு ஒரு கோணம். ஸ்கைரிம் விளையாட்டில் வாளுக்குப் பஞ்சமே இல்லை. அதில் இன்னும் பத்து வாளைச் சேர்த்து அவர் பெயர் வாங்கவில்லை. ஒரு கேள்வியைச் சேர்த்துப் பெயர் வாங்கினார்.

2016-இல் அந்த மோட்டின் எழுத்துக்காக ஆஸ்திரேலிய எழுத்தாளர் சங்கத்தின் விருது கிடைத்தது. நாடகத்துக்கும் திரைக்கதைக்கும் விருது கொடுக்கும் அமைப்பு அது. 2021-இல் அந்த மோட், ரோமானிய நகரம் ஒன்றைக் களமாகக் கொண்டு, தனி விளையாட்டாகவே வெளிவந்தது. இதுவும் பொழுதுபோக்காகத் தொடங்கியதுதான். "ஆர்வலர் செஞ்சது, அதனால எழுத்து அப்படித்தான் இருக்கும்" என்ற சமாதானம் இங்கே உடைந்துபோகிறது.

6. 'மரம்ஐ' எங்கிருந்து வந்தது?

இப்போது தமிழுக்கு வருவோம். ஆசிரியர்களே, இந்தப் பகுதி உங்கள் இலக்கண வகுப்புக்கு நேரடியாக உதவும்.

மைன்கிராப்டின் ஜாவா பதிப்பில் மொழிப் பட்டியலைத் திறந்தால் தமிழும் இருக்கும். உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் வரி வரியாக மொழிபெயர்த்துக் கொடுத்தது. அவர்களுக்கு நம் நன்றி. மோட்களிலும் அதே ஏற்பாடு உண்டு: ஒவ்வொரு மொழிக்கும் ஒரு தனிக் கோப்பு. இடப்பக்கம் பொருளின் அடையாளப் பெயர்; வலப்பக்கம் அந்த மொழியில் அதற்குரிய சொல் அல்லது வாக்கியம். தமிழ்க் கோப்பு இல்லாத மோட்டைப் போட்டால் அந்தப் பகுதி மட்டும் ஆங்கிலத்தில் வரும்.

சிக்கல் இங்கேதான். ஆங்கிலத்தில் எழுதும்போது, "நீ எடுத்தாய்" என்ற பொருள்தரும் சொற்களுக்குப் பின்னால் ஒரு காலியிடம் விட்டால் போதும். எந்தப் பொருளை எடுத்தாலும் அதன் பெயரைக் கணினி அப்படியே அங்கே ஒட்டிவிடும். பெயர்ச்சொல்லின் வடிவம் மாறாது. தமிழில் அப்படியா? காலியிடத்துக்குப் பின்னால் 'ஐ' என்ற உருபை எழுதி வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்:

மரம் + ஐ = மரத்தை. மகர ஈறு கெட்டு அத்துச் சாரியை வந்தது.
வீடு + ஐ = வீட்டை. நெடில்தொடர்க் குற்றியலுகரம், ஒற்று இரட்டித்தது.
கல் + ஐ = கல்லை. தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டித்தது.
ஈட்டி + ஐ = ஈட்டியை. உடம்படுமெய் வந்தது.
வாள் + ஐ = வாளை. மாற்றம் இல்லை.

ஐந்து பொருளுக்கு ஐந்து வழி. கணினிக்கு இது தெரியாது. அது ஒட்டும், அவ்வளவுதான். அதனால் "மரம்ஐ", "வீடுஐ", "கல்ஐ". நம் மாணவன் இலக்கணம் தெரியாமல் "மரம்ஐ" என்று எழுதவில்லை. ஆங்கில வாக்கியத்தின் அச்சில் தமிழை ஊற்றியதால் வந்த வினை இது. தேர்வுத்தாளில் அவனைக் கேட்டால் "மரத்தை" என்று சரியாக எழுதிவிடுவான்.

தீர்வு என்ன? வாக்கியத்தைத் தமிழின் போக்கில் மாற்றி அமைப்பதுதான். பெயர்ச்சொல் எழுவாயாக நிற்கும்படி எழுதிவிட்டால் உருபே தேவையில்லை: "மரம் கிடைத்தது." "கல் கிடைத்தது." "ஈட்டி கிடைத்தது." படைத்தலைவன் வாயில் வர வேண்டுமா? "கப்பல் கட்ட வேண்டும். தேவை: மரம்." முடிந்தது. முன்பைவிடச் சுருக்கமும்கூட.

இன்னொன்று. விளையாட்டில் ஒருவர் இறந்தால் யாரால் இறந்தார் என்று செய்தி வரும். "இவரை வீழ்த்தியவர் இன்னார்" என்று எழுதினால், வீழ்த்தியது சிலந்தியாக இருந்தால்? 'வீழ்த்தியவர்: சிலந்தி' என்று வரும். உயர்திணையா அஃறிணையா என்று கணினி பார்க்காது. "காரணம்: சிலந்தி" என்று எழுதிவிட்டால் மனிதனுக்கும் சிலந்திக்கும் ஒரே வரி பொருந்தும். திணை, பால், வேற்றுமை எல்லாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் பாடம் மட்டும் என்று நினைத்த மாணவர்கள் இதை ஒருமுறை செய்து பார்க்கட்டும். இலக்கணம் தெரிந்தவனால் மட்டுமே இந்தச் சிக்கலுக்கு வழி கண்டுபிடிக்க முடியும்.

மூன்றாவது, மரியாதைச் சொல். "வீரனே, தாங்கள்... எடு." ஒரே மூச்சில் மூன்று படி. 'வீரனே' என்று விளித்தவன் 'தாங்கள்' என்று சொல்ல மாட்டான்; 'தாங்கள்' என்றவன் 'எடு' என்று முடிக்க மாட்டான். படைத்தலைவன் யார், எதிரே நிற்பவன் யார், இருவருக்கும் என்ன உறவு என்று முடிவு செய்தால் இந்தப் பிழை தானாகவே போய்விடும். 'நீ' என்றா, 'நீர்' என்றா, 'நீங்கள்' என்றா என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் ஒரு பாத்திரம் தமிழில் பிறக்கிறது.

7. எதை மன்னிக்கலாம், எதை மன்னிக்கக்கூடாது?

ஆர்வலர் படைப்பைத் திறனாயும்போது ஓர் அளவுகோல் வேண்டும். நான் வைத்திருப்பதைச் சொல்கிறேன். நீங்கள் மாற்றுக் கருத்தும் சொல்லலாம்.

பணம் இல்லாததால் வரும் குறையை மன்னிக்கலாம். குரல் கொடுக்க நடிகர் இல்லை, ஓவியம் சுமார், இசை இல்லை. இவை வசதிக் குறைவு. சில விளையாட்டு இயந்திரங்களில் தமிழ் எழுத்துகள் ஒழுங்காகவே தெரியாது; 'கெ', 'கொ' போன்றவற்றில் கொம்பு இடம் மாறி நிற்கும். அதற்கும் மோட் செய்தவரைக் குறை சொல்ல முடியாது.

கவனக் குறைவை மன்னிக்கக்கூடாது. ஒற்றுப்பிழை பார்க்க, வாக்கியத்தை வாய்விட்டுப் படிக்க, ஒரு நண்பனிடம் கொடுத்து "புரியுதா?" என்று கேட்கப் பணம் வேண்டாம்.

கடைசியாக, "தமிழில் வந்ததே பெருசு" என்ற பாராட்டு. இதை நாம் எல்லாருமே சொல்கிறோம். அன்பினால் சொல்கிறோம். ஆனால் அதன் உட்பொருளை யோசித்துப் பாருங்கள். தமிழ் என்றால் இவ்வளவுதான் எதிர்பார்க்கலாம் என்று நாமே சொல்வதாகாதா? ஆங்கில மோட்டில் எழுத்துப்பிழை இருந்தால் சிரிக்கும் மாணவன், தமிழில் இருந்தால் கைதட்டுகிறான். அந்தக் கைதட்டலில் ஓர் இரக்கம் ஒளிந்திருக்கிறது. நம் மொழிக்கு அந்த இரக்கம் தேவையில்லை.

இதே மலேசிய மண்ணில் 1985-இல் முத்து நெடுமாறன் தொடங்கிய முரசு, பிறகு முரசு அஞ்சலாக வளர்ந்து, உலகத் தமிழர்களின் கணினிகளில் தமிழை எழுத வைத்தது. "தமிழ் ஏதோ ஒரு மாதிரி தெரிந்தால் போதும்" என்று அவர் இருந்திருந்தால், இன்று நம் கைப்பேசியில் தமிழ் இப்படி அழகாகத் தெரியுமா? எழுத்து சரியாகத் தெரிய வேண்டும் என்று ஒருவர் பட்ட பாட்டில் பாதியாவது, தெரியும் எழுத்து சரியாக இருக்க வேண்டும் என்று நாம் படலாமே.

8. தேர்வு எழுதுபவர்களுக்கு

மாணவர்களே, நீங்கள் எழுதும் கட்டுரையும் ஒரு மோட் மாதிரிதான். தலைப்பு என்பது ஏற்கெனவே இருக்கும் விளையாட்டு. அதன் மேல் நீங்கள் என்ன சேர்க்கிறீர்கள் என்பதே கேள்வி.

பலருடைய கட்டுரை 14 வாள் கட்டுரையாக இருக்கிறது. ஒரு பத்தியில் இரண்டு பழமொழி, ஒரு திருக்குறள், ஒரு மரபுத்தொடர், ஓர் உவமை, நடுவே கருத்து எங்கேயோ மறைந்து நிற்கும். "சேர்த்தால் புள்ளி கிடைக்கும்" என்று யாரோ சொன்னதை நம்பி மூட்டை கட்டுகிறோம். நாங்களும் அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம் என்பதை ஆசிரியர் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன். ஒரு பத்திக்கு ஒரு கருத்து. அந்தக் கருத்துக்கு உதவும் குறளை வைத்துக்கொள்ளுங்கள். உதவாததை எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். 'திராவிடரின்' பலவீனமான குதிரையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் குறைத்ததாலேயே ஒரு வரலாறு விளங்கியது.

வகுப்பறைக்கு மூன்று பயிற்சிகள்:

அ. காலியிடம் உள்ள ஐந்து ஆங்கில விளையாட்டு வாக்கியங்களை மாணவர்களே கொண்டுவரட்டும். எந்தப் பெயர்ச்சொல்லை இட்டாலும் பிழை வராதபடி தமிழில் மாற்றி எழுதச் சொல்லுங்கள். பிறகு மரம், வீடு, ஆறு, கல், பசு ஆகிய சொற்களை இட்டுச் சோதியுங்கள்.

ஆ. ஒரே செய்தியை அரசன் வீரனிடம், வீரன் அரசனிடம், தாய் மகனிடம் சொல்வதாக மூன்று உரையாடல் வரிகள் எழுதச் சொல்லுங்கள். விளியும் வினைமுற்றும் பொருந்துகின்றனவா என்று பக்கத்து மாணவர் திருத்தட்டும்.

இ. 'திராவிடர்' என்ற பெயர் அந்த விளையாட்டுக்குப் பொருத்தமா? ஆதரித்தோ மறுத்தோ ஒரு வாதக் கட்டுரை. இரண்டு பக்கத்துக்கும் சான்று இருக்கிறது. அதனால்தான் நல்ல தலைப்பு.

முடிப்பதற்கு முன் ஒரு வார்த்தை. இரண்டு வாரம் கழித்து அந்த மாணவனை மறுபடி கூப்பிட்டு, மேலே உள்ளதை எல்லாம் சொன்னேன். யானையைப் பற்றிப் பேசி நழுவியதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க சொல்லுவீங்கன்னுதான் சார் கேட்டேன்" என்றான். நம் பிள்ளைகள் பாராட்டுக்காக மட்டும் வந்து நிற்பதில்லை என்பதை அன்றுதான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

இப்போது அவனுடைய கடாரத்தில் வாள் ஒன்றுதான் இருக்கிறது. மயில் போய்விட்டது. புலியை மட்டும் விட மனம் வரவில்லையாம், சரி, இருக்கட்டும். படைத்தலைவன் இப்போது சொல்வது: "கப்பல் பாதியில் நிற்கிறது. மரம் வேண்டும். போ." ஆறே சொல். ஒரு பிழையும் இல்லை.

உங்கள் வகுப்பிலும் இப்படி ஒரு மடிக்கணினியை யாராவது திறப்பார்கள். யானையைப் பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள். வாக்கியத்தையும் படியுங்கள்.